இரண்டு பானை, ஒரு அண்டா

அந்த விடுதியில் கடவுள்கள் முறை வைத்து வேலை பார்த்தார்கள். வராந்தாவின் கடைசி அறைக்குப் பிரார்த்தனை அறை என்று பெயர். விடியலில் இந்துப் பெண்கள் குத்துவிளக்கு ஏற்றிப் பாடுவார்கள். மத்தியானம் வகுப்பிலிருந்து ஓடி வந்து ராவுத்தர் வீட்டுப் பெண் ஒருத்தி பாய் விரித்துத் தொழுவாள். சாயங்காலம் கிறிஸ்தவப் பெண்கள் நாங்கள் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்வோம். ஒருவர் முறை வந்தால் மற்றவர் சாமான் மூலைக்குப் போகும். ராவுத்தர் பெண் எங்கள் மாதா படத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத் தொழுவாள். போகும்போது மறக்காமல் எடுத்து மடித்து வைப்பாள். இதில் எல்லாம் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பாலக்காட்டின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்த கல்லூரி அது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் நடுவில் அங்கே படித்தேன். என் ஊர் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து ஆட்கள், வீடு என்பது லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரு அறை. தமிழை இரண்டாம் மொழியாக எடுத்துப் படிக்க எனக்கு இடம் கிடைத்தது அந்த ஒரு கல்லூரியில்தான். கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக நான் மலை இறங்கி, கம்பம், திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகத் திரும்பக் கேரளத்துக்குள் நுழைந்து, சித்தூரில் பஸ் மாற வேண்டும். மலையில் எங்களைப் 'பாண்டிக்காரர்கள்' என்பார்கள். கம்பத்தில் இறங்கினால் 'மலையாளத்துக்காரி' என்பார்கள். போகிற இடமெல்லாம் நான் வேறு ஊர்க்காரி, அது பழகிப்போன விஷயம்.

எங்கள் விடுதிக் காப்பாளர் மலையாளம் கற்பித்த டீச்சர். தங்கமான மனுஷி, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மதங்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். அந்தப் பிரார்த்தனை அறையே அவர் போராடி வாங்கியது. அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று: அவரவர் பண்டிகையை அவரவர் நடத்த வேண்டும், மற்றவர்கள் விருந்தாளிகளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஓணம் மட்டும் எல்லோருக்கும் பொது. கிறிஸ்துமஸ் எங்களுடையது. பெருநாள் ராவுத்தர் பெண்ணுடையது. அவள் ஒருத்தியே இருந்ததால் அவளுடைய அத்தா பாலக்காட்டிலிருந்து ஆள் வைத்து நெய்ச்சோறு அனுப்பிவிடுவார். பொங்கலுக்குத் தமிழ் பேசும் ஊர்க்காரப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதனால் விடுதியில் பொங்கல் என்ற பேச்சே எழுந்ததில்லை.

அந்த வருடம் எழுந்தது. செய்முறைத் தேர்வைப் பொங்கலுக்கு மறுநாள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்தக் கிழக்குப் பாலக்காட்டுப் பெண்களுக்கு அழாத குறை. என் அறைத் தோழி அவர்களில் ஒருத்தி, கோபாலபுரம் பக்கம் பண்ணையம் பார்க்கும் குடும்பம். தென்னந்தோப்பும் வயலும் மாடுகளுமாகப் பெரிய வீடு. என்னோடு ஒரே கொசுவலைக்குள் படுத்து, ஒரே எண்ணெய்க் குப்பியில் தலைக்குத் தேய்த்துக்கொண்டவள். அவள்தான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய், விடுதி முற்றத்திலேயே பொங்கல் வைக்க டீச்சரிடம் அனுமதி வாங்கி வந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னென்ன வாங்க வேண்டும், யார் கோலம் போடுவது என்று நானும் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். என் தோழி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ எதுக்கு புள்ள இதுல? இது எங்க நோம்பி. உங்களுக்குத்தான் கிறிஸ்துமஸ் வெச்சாச்சல்ல. நீ சும்மா வந்து உக்காந்து சாப்புடு."

"எங்களுக்கும் பொங்கல் உண்டு. லயத்துல நாங்க வைக்கோம்ல."

"வேதக்காரங்க எங்கியாவது பொங்கல் வெப்பாங்களா?"

வைப்போம். எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்கு முன்னால் வரிசையாகக் கல் கூட்டி, லயத்துக்கு ஒரு பானை வைப்போம். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து இருக்கும், வயிற்றில் சுண்ணாம்பால் போட்ட சிலுவை இருக்கும். பொங்கி வழியும்போது குலவையும் உண்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தியும் உண்டு. கீழே தமிழ்நாட்டிலிருந்து வரும் பாதிரியார், எங்கள் வாயில் சாமியார், ஒவ்வொரு பானைக்கும் தீர்த்தம் தெளிப்பார். எங்கள் ஆட்கள் மலையேறி வந்தபோது கூடவே ஏறி வந்த பண்டிகை அது. ஞானஸ்நானம் வாங்கியபோது பெயரை மாற்றிக்கொண்டார்கள், அரிசியையும் வெல்லத்தையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. இதை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். என் தோழி கேட்டுவிட்டு, "அதென்னமோ, அது உங்க ஊர்ல" என்றாள்.

டீச்சரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் சட்டத்தைச் சொன்னார். இந்துக்களின் பண்டிகையில் கிறிஸ்தவப் பெண் அடுப்பில் நின்றால் இரண்டு பக்கமும் மனவருத்தம் வரும், விருந்தாளியாக வருவதுதான் மரியாதை என்றார். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அச்சனிடம் கேள் என்றார்.

அச்சன் என்றது எங்களுக்காக ஞாயிறுதோறும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்துபோகும் பாதிரியாரை. எங்கள் மலையில் சாமியார், இங்கே அச்சன். கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார். சூரியனைக் கும்பிடும் காரியத்தில் உனக்கு என்ன வேலை, அது தமிழ்நாட்டில் சில சாமியார்கள் இளக்காரம் கொடுத்துச் செய்கிற காரியம், நம்முடைய வழக்கம் அது அல்ல என்றார். "நம்முடைய" என்று அவர் சொன்னபோது அதற்குள் நான் இருக்கிறேனா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பொங்கல் விழாவுக்கு மதநல்லிணக்க விருந்தினராக டீச்சர் அவரையும் அழைத்திருந்தார், அவரும் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். நான் வைக்கக் கூடாத பொங்கலை அவர் தின்னலாம் போலிருக்கிறது.

சரி, இவர்கள் யாரையும் இனிக் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அரிசி என்னிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வரும்போது, விடுதியில் உடல்நிலை சரியில்லை என்றால் கஞ்சி வைத்துக் குடிக்க என்று அம்மா கம்பத்துப் பச்சரிசி கொஞ்சம் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்கள். கோபாலபுரத்தில் பஸ்ஸை நிறுத்திப் ஒவ்வொரு பையாகக் குடைவார்கள். நான் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். சோதனைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன், அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஏலக்காய் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. வெல்லமும் சின்னதாக ஒரு மண்பானையும் சித்தூர்ச் சந்தையில் வாங்கினேன்.

என் தோழி கட்டிலுக்கடியில் பானையைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. பயந்தாள்.

"வேண்டாம் புள்ள. எனக்கொண்ணும் இல்ல, மத்தவளுக பேசுவாளுக. எங்கூட்டுல தெரிஞ்சா எங்கப்பா என்னப் படிப்ப நிறுத்திப்போட்டுக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"நான் என் பானைல வைக்கேன். உங்க பானையத் தொடப்போறதில்ல. உங்க அப்பாவுக்கு அதுல என்ன?"

அவள் கொசுவலையை இழுத்து விட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் கிறிஸ்துமஸ் விருந்தில் பேக்கரி கேக்கை அந்தப் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள். கேக்குக்குப் பக்கத்திலேயே என் அம்மா பாசிப்பயறில் சுட்டு அனுப்பிய முந்திரிக்கொத்து ஒரு தட்டு நிறைய இருந்தது. டீச்சர் ஒன்று எடுத்தார், ராவுத்தர் பெண் இரண்டு எடுத்தாள். கிழக்குப் பெண்கள் ஒருத்தியும் தொடவில்லை. என்னோடு ஜெபமாலை சொல்லும் கோட்டயத்துப் பெண்களும், அச்சாயன்மார் என்ற மேல்சாதிக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள், தொடவில்லை. பாசிப்பயறு இவர்களுக்குப் பிடிக்காது போல என்று நினைத்து, தட்டை நானே அறைக்குத் தூக்கி வந்தேன். பாசிப்பயறாவது ஒன்றாவது! அந்தக் கேக்கைச் சுட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, முந்திரிக்கொத்தைச் சுட்டது யார் என்று தெரியும், அவ்வளவுதான். இந்து, கிறிஸ்தவம், விருந்தாளி, சட்டம் என்று எல்லோரும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது எல்லாம் சாதியைப் பற்றித்தான். டீச்சர் ஒருத்தருக்குத்தான் அது தெரியவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பானையை எடுத்து மடியில் வைத்துச் சுண்ணாம்பால் சிலுவை போட்டேன், வழக்கத்தைவிடப் பெரிதாக.

பொங்கலன்று காலையில் முற்றம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தார்கள். நடுவில் பெரிய கோலம், அதன்மேல் மூன்று கல், பெரிய பானை, இரண்டு பக்கமும் கரும்பு. பெஞ்சில் பிரின்சிபாலும் அச்சனும் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பானையோடு வந்து, கோலத்துக்கு வெளியே, அவர்கள் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி மூன்று செங்கல்லை வைத்தேன். சுள்ளியை அடுக்கிப் பற்றவைத்தேன். பிரின்சிபால் டீச்சரிடம் குனிந்து ஏதோ கேட்டார். டீச்சர் எழுந்து வரப்போனார், அதற்குள் ராவுத்தர் பெண் வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஊதாங்குழலை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டாள். விருந்தாளி இருக்க வேண்டிய இடம் பெஞ்சு.

"நீ ஏன் இங்க வந்த?" என்றேன்.

"பெஞ்சில வெயிலடிக்குது" என்றாள்.

என் பானைதான் முதலில் பொங்கியது. சின்னப் பானை, பொங்காமல் என்ன செய்யும்? ஆனாலும் அன்றைக்கு அது எனக்குப் பெரிய வெற்றி. நான் தொண்டை கிழிய "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் திருப்பிக் கத்தாமல் இருக்க அந்தப் பெண்களால் முடியாது, பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். நாலைந்து பேர் "பொங்கலோ பொங்கல்!" என்று கூடவே கத்திவிட்டு, யாருக்குக் கத்தினோம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். என் தோழியும் அதில் ஒருத்தி.

பிறகு அவர்கள் பானையும் பொங்கியது. கும்பிட்டார்கள். நான் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, எங்கள் லயத்தில் சொல்கிற ஜெபத்தைச் சத்தமாகவே சொன்னேன். அச்சன் வேலியைப் பார்த்தபடி இருந்தார்.

சிக்கல் வந்தது பரிமாறும்போது. விடுதி முழுக்க இலை போட்டாயிற்று. பானையிலிருந்து எடுத்தால் கை சுடும் என்று மெஸ் அம்மா பெரிய அண்டா ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அவர்களுடைய பொங்கலை அதில் சாய்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இரண்டு மதத்துப் பொங்கல், ஒரே பாத்திரம். அவர் ஆசைப்பட்ட ஒற்றுமை கண்முன்னால் ஆவி பறக்க நின்றது.

"எந்தினா ரெண்டு பாத்ரம்? ஒந்நில் ஒழிச்சால் மதி" என்று மெஸ் அம்மாவிடம் சொன்னார். இரண்டு பாத்திரம் எதற்கு, ஒன்றில் ஊற்றினால் போதுமே என்று என்னுடையதையும் அதே அண்டாவில் ஊற்றச் சொன்னார்.

மெஸ் அம்மா என் பானையை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். அவளும் ஊர்க்காரிதான், அவளுக்குத் தெரியும். என் தோழி முன்னால் வந்தாள்.

"வேண்டாங்க டீச்சர். அது தனியா இருக்கட்டுங்க."

"ஏன்?"

"அது வந்துங்க... அவுங்க சாமிக்கு வெச்சதுங்க."

"எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றேன் நான். "உங்க சாமி கோவிச்சுக்குமா? கேட்டுச் சொல்லு."

"நீ கம்முனு இரு புள்ள" என்றாள், கெஞ்சுகிற குரலில். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்காக நான் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கலாம். வயிற்று வலி என்று சொல்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போயிருக்கலாம். எல்லோருக்கும் அது வசதியாக இருந்திருக்கும். அவர்கள் வசதிக்காக என் ஆட்கள் எத்தனை காலம் ஒதுங்கி நின்றார்கள் என்று எனக்குத் தெரியும், நான் நகரவில்லை.

டீச்சருக்கு இன்னும் புரியவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே, பிறகு என்னதான் பிரச்சினை என்று கேட்டார். இவ்வளவு நாளாகச் சொல்லாமலே நடத்திய காரியத்தை அவர்கள் இப்போது பிரின்சிபால் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தின்ன வேண்டும். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

"நான் சொல்றேன் டீச்சர்" என்றேன். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. லயத்துப் பிள்ளை கை வச்ச சோறு இவங்களுக்குத் தொண்டைல இறங்காது. இந்து பிள்ளைகளுக்கு மட்டுமில்ல. கிறிஸ்துமஸ் விருந்தன்னைக்கு எங்க அம்மா சுட்ட பலகாரத்த எங்க கிறிஸ்தவப் பிள்ளைகளும் தொடல. வேணும்னா ஃபாதர்கிட்டயே கேளுங்க."

அச்சன் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சரின் முகம் சின்னதாகிப்போனது. அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல நாளில் இப்படியெல்லாம் பேசக் கூடாது மோளே என்றார். பிறகு, அப்படியானால் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும், விரும்பியவர்கள் விரும்பியதைச் சாப்பிடட்டும், சமாதானமாகப் போகலாம் என்றார்.

அந்தச் சமாதானத்தில்தானே நாங்கள் பிறந்து வளர்ந்தோம்!

"எங்க ஊர்ல தனியா வச்சுத் திங்கிறதுக்குப் பேரு பொங்கல் இல்ல டீச்சர்" என்றேன். எங்கள் கோயில் முற்றத்தில் யாரும் தன் பானையிலிருந்து தின்பதில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்ததும் எல்லாப் பானையும் ஒரே அண்டாவுக்குப் போகும், அதற்குப் பிறகுதான் இலை போடுவோம். தீர்த்தம் தெளித்த சாமியாருக்கும் அதிலிருந்துதான் போடுவோம். நான் முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கினேன். "நீங்கதான் ஊத்தச் சொன்னீங்க. ஊத்துறேன்."

ஊற்றினேன். கரண்டியை எடுத்து அடியோடு கிண்டியும் விட்டேன்.

கிழக்குப் பெண்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு விரதம், ஒருத்தி காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அச்சனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்னால் நடந்ததும் எனக்கு ஒன்றும் பூமாலை அல்ல. யாரோ சொல்லி, என் தோழியின் அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, அவளைச் சித்தூரில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். படிப்பை நிறுத்தவில்லை, அதுவரைக்கும் நல்லது. பரீட்சை முடியும்வரை என் பக்கத்து இலையில் உட்கார ராவுத்தர் பெண்ணைத் தவிர யாரும் வரவில்லை. ஒழுக்கமில்லாதவள் என்று ஒரு பெயரும் வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

ஆனால் அன்றைக்கு முற்றத்தில் இன்னும் ஒன்று நடந்தது. ராவுத்தர் பெண் முதல் இலையில் உட்கார்ந்து, "எனக்குப் போடு, பசிக்குது" என்றாள். டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரின்சிபால் கொஞ்சம் யோசித்துவிட்டு டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே போனேன். வரிசையின் கடைசி இலையில் என் தோழி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், மருந்து குடிக்கப்போகிறவள் மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடட்டுமா என்று நான் கேட்கவில்லை. போட்டேன். அவளும் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைக்கவில்லை. போய்விட்டவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது அவளுக்குத் தெரியும். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். நான் கரண்டியோடு அவள் முன்னாலேயே நின்றேன். இவள் இப்போது அழப்போகிறாள், இல்லையென்றால் என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

"வெல்லம் பத்தல" என்றாள்.

"எந்தப் பானைல?"

அவள் இலையைப் பார்த்தாள். இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"தெரீல" என்றாள்.